மீதி 44 கிராம் எங்கே?

அரியலூரில் பத்தாம் வகுப்பு. “சிமெண்ட் ஆலையில் வரும் கார்பன் டைஆக்சைடு நிலக்கரியிலிருந்துதானே சார்?” என்றான், ஆலைத் தொழிலாளியின் மகன்.

கரும்பலகையில் கணக்கிட்டோம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிராமைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிடைப்பது 56 கிராம் கால்சியம் ஆக்சைடு. இச்சிதைவுக்கு மட்டும் ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பம் வேண்டும். “மீதி 44 கிராம் எங்கே?” என்றேன். சற்று யோசித்து, “கல்லிலிருந்தே வாயுவாகப் போகிறது சார்” என்றான்.

நிலக்கரி எரிந்து தரும் கார்பன் டைஆக்சைடு தனிக்கணக்கு.

“அப்போ நிலக்கரியை நிறுத்தினாலும் இது நிற்காதா?”

நிற்காது என்றேன். வகுப்பே அமைதியானது. பொருண்மை அழியா விதியை நடத்தும்போது, ‘மீதி எங்கே?’ என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.