முக்காலியின் கால்களை நீட்டலாமா?

உங்கள் பள்ளியில் லென்ஸ்களால் ஆன சிறு தொலைநோக்கி ஒன்று இருக்கிறதா? அதை உச்சி வானத்தை நோக்கித் திருப்பிப் பாருங்கள். கண் வைக்கும் முனை கீழே இறங்கிவிடும். முக்காலி குட்டையாக இருந்தால் தரையில் மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். மரச்சட்டங்களைச் சேர்த்துக் கால்களை நாமே நீட்டலாம். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்போம். நீட்டிய முக்காலி கவிழுமா? அதிருமா? மூட்டு ஆடுமா?

முதலில், கால்கள் ஏன் மூன்று? எந்த மூன்று புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் ஒரு தளம் எப்போதும் உண்டு. ஆகவே மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால்கள் ஒருங்கே ஊன்றி நிற்கும்; நான்கு கால் நாற்காலியோ அங்கே தள்ளாடும். படுத்தபடி சுடும் துப்பாக்கிகளின் முன்புறம் இரண்டே கால்கள் இருக்கும். அங்கே சுடுபவரின் தோள் மூன்றாவது தாங்கலாகிறது.

இனி, கவிழ்வது பற்றி. ஈர்ப்பு மையத்திலிருந்து விழும் செங்குத்துக்கோடு, பாதங்கள் அமைக்கும் முக்கோணத்தைத் தாண்டினால் முக்காலி கவிழும். காலின் நீளம் 90 செ.மீ., மையத்திலிருந்து ஒவ்வொரு பாதத்தின் தூரம் 36 செ.மீ. என்று கொள்வோம். பித்தகோரஸ் தேற்றப்படி உயரம் 82.5 செ.மீ. மையத்திலிருந்து முக்கோணப் பக்கத்தின் தூரம் 36-இல் பாதி, அதாவது 18 செ.மீ. எடை முழுவதும் உச்சியில் இருப்பதாகக் கொண்டால், 18/82.5 என்பதை டான்ஜென்ட்டாகக் கொண்ட கோணம் சுமார் 12 பாகை. அதற்கு மேல் சாய்ந்தால் முக்காலி கவிழும்.

இப்போது 30 செ.மீ. துண்டுகளைச் செங்குத்தாகப் பொருத்தினால் உயரம் மட்டும் கூடும்; அடித்தளம் அப்படியே இருக்கும். கவிழும் கோணம் 9 பாகையாகக் குறைந்துவிடும். காலின் சாய்வை ஒட்டியே நீட்டினால் உயரம் 110 செ.மீ., பாதத்தின் தூரம் 48 செ.மீ. ஆகிறது. பழைய முக்கோணமும் புதிய முக்கோணமும் வடிவொத்தவை. ஆகவே கோணம் அதே 12 பாகை! நீட்டும் துண்டு எப்போதும் காலின் நேர்கோட்டிலேயே இருக்க வேண்டும்.

கவிழாவிட்டாலும் அதிரலாம். ஒரு முனை இறுக்கப்பட்ட கோலின் மறு முனையைத் தள்ளினால், அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீளம் 90-லிருந்து 120 ஆனால் 4/3 மடங்கு. அதன் மும்மடி 64/27, ஏறத்தாழ 2.4. மூன்றில் ஒரு பங்கு நீட்டியதற்கு வளைவு இரு மடங்குக்கும் மேலாகிறது! 50 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலும், கண்ணுக்கு அது 5 பாகை அசைவாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு நிலவின் அகலமே அரைப் பாகைதான். எனவே கால்களின் நடுவே அவற்றை இணைக்கும் மரத் தட்டு ஒன்றை இறுக்கமாகப் பொருத்துங்கள்.

கடைசியாக மூட்டு. ஒவ்வொரு காலுக்கும் 50 செ.மீ. நீளமுள்ள இரு மரச்சட்டங்கள் தேவை. காலின் இரு பக்கமும் ஒவ்வொன்றை வைத்து, 30 செ.மீ. கீழே நீளுமாறு இரண்டு போல்ட்டுகளால் இறுக்குங்கள். கீழ்ப் போல்ட் பழைய பாதத்திலிருந்து 2 செ.மீ. மேலே இருக்கட்டும். மேல் போல்ட் எங்கே? அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மேல் துளையில் 1 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். போல்ட்டுகளுக்கு இடையே 4 செ.மீ. தூரம்தான் என்றால், நெம்புகோல் விதிப்படி, 32 செ.மீ. கீழேயுள்ள பாதம் 8 மி.மீ. ஆடும். தூரம் 16 செ.மீ. ஆனால் ஆட்டம் 2 மி.மீ. மட்டுமே. மரத்தை மிச்சப்படுத்த எண்ணி இந்த இடத்தில் குறைத்துவிடாதீர்கள். வாஷர் போட்டு நட்டை முடுக்குங்கள். துளையிடும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

வேலை முடிந்ததும் தொலைநோக்கியைப் பொருத்தி, பகலில் தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தையோ மரத்தையோ பாருங்கள். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் திருப்பக் கூடாது. நொடியில் கண் பாழாகிவிடும். குழாயை விரலால் மெல்லத் தட்டி, பிம்பம் அசைவற்று நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நடுத் தட்டைக் கழற்றிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் அந்தத் தட்டின் பயன் உங்களுக்கே விளங்கும்.