கடை வாசலில் ரசீதுப் புத்தகம்



ரமலான் பிறை கண்டதும் சிங்கப்பூரில் நம் கடைகளின் ஐந்தடியில் ரசீதுப் புத்தகத்துடன் சிலர் வந்து நிற்பது புதிதன்று. அவ்வேளையில் கல்லாவில் இருப்பவர் இரண்டு தவறுகள் செய்யக்கூடும். ஒன்று, விசாரியாமல் கொடுப்பது. மற்றது, விசாரியாமல் விரட்டுவது. நாம் இரண்டையும் செய்தவர்களே.

சில வருடங்களுக்கு முன் நல்ல உடுப்பு உடுத்திய ஒருவர் அனாதைப் பிள்ளைகளின் படங்களைக் காட்டி, நம் வாடிக்கைக்காரர்களையும் மறித்து வசூலித்தார். நாமும் 50 வெள்ளி கொடுத்தோம். ஊரில் விசாரித்தால் அப்படியோர் இல்லமே இல்லை. மறுவாரம் வயதான உஸ்தாது ஒருவர் படியேறி வந்தார். "உங்களுக்கெல்லாம் இதே பிழைப்பா?" என்று பலர்முன் கேட்டுவிட்டோம். "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், முதலாளி" என்று சொல்லிப் படியிறங்கிப் போய்விட்டார். அவர் உண்மையானவர் என்பது பிறகே தெரிந்தது. நாம் அலிஃப், பே ஓதிய மதரஸாவும் வீடு வீடாகச் சேர்த்த பிடியரிசியில் நடந்ததுதான். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆகவே நாம் கற்ற பாடங்கள் இவை:

1. சொல் முந்தட்டும். கொடுத்து மனம் நோகச் செய்வதைவிட, கொடாமல் இனிதாகப் பேசுவது மேல் என்பதே அல்பகரா அத்தியாயம் 263ஆம் வசனத்தின் போதனை. கடைச் சிப்பந்திகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

2. ஜகாத் வேறு, ஸதகா வேறு. ஜகாத் பெறத் தகுந்தோர் எட்டு வகையினர் என அத்தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. சிங்கப்பூரில் 1966ஆம் வருடத்து முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி, முயிஸின் அதிகாரம் பெறாதவர் ஜகாத் வசூலிப்பது குற்றம். ஆதலால் ஜகாத் பணத்தை வாசலில் வருபவரிடம் கொடுக்கலாகாது.

3. அனுமதியைக் கேளுங்கள். பொதுமக்களிடம் தெருவில் வசூலிக்க லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டுத் தர்மத்துக்கானால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அரசாங்கத்தின் அறநிறுவன இணையத்தளத்தில் இதைச் சரிபார்க்கலாம். கேட்பது அவமதிப்பு ஆகாது. உண்மையானவர் மகிழ்ந்து காட்டுவார்.

4. அனுமதி இல்லாத உஸ்தாது வந்தால்? "ஹஜ்ரத், உட்காருங்கள்" என்று தேநீர் கொடுத்து, சட்டத்தை எடுத்துச் சொல்லி, மதரஸாவின் பெயர், விலாசம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் விசாரித்தபின் நம் சொந்தப் பணத்தை நாமே வங்கி மூலம் அனுப்பலாம். பிறநாட்டுக் குடிமக்களின் நன்கொடையைப் பெற இந்திய நிறுவனத்துக்கு 2010ஆம் வருடத்து அந்நிய நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும்; அதையும் கேட்டறிக.

5. வாடிக்கைக்காரரை மறிப்பவரைத் தனியே அழைத்து மெல்லச் சொல்லுங்கள். மீறினால் போலீசுக்கு அறிவிப்பது நம் கடமை. கைவைத்துத் தள்ளுவது அன்று.

ஏமாந்த 50 வெள்ளியை நாம் மறந்துவிட்டோம். படியிறங்கிப் போன அந்த உஸ்தாதின் முகம் மறக்கவில்லை. பிறகு ஊர் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அந்நிலை வேறெந்தச் சகோதரருக்கும் வரவேண்டாம்.

வஸ்ஸலாம்.