பெரியவளாகி வந்த தங்கை

கேள்வி: என் மூத்த மகளுக்கு ஐந்து வயது. தங்கை பிறந்து நாலு மாதம் ஆகிறது. "பாப்பாவை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் குடுத்துடலாம்மா" என்கிறாள். காலம் தாண்டி வரும் ஒரு தங்கையைப் பற்றி ஜப்பானிய அனிமே இருப்பதாகத் தோழி சொன்னாள். அது எது? மகளுக்குக் காட்டலாமா?

பதில்: மமோரு ஹொசோதா இயக்கி 2018இல் வந்த 'மிராய்' படத்தைத்தான் சொல்லியிருப்பார். மிராய் என்றால் எதிர்காலம். கதையில் அது கைக்குழந்தையின் பெயர். மூத்தது மட்டும் பெண் இல்லை, குன் என்ற நாலு வயதுப் பையன். பொம்மை ரயிலால் தங்கையின் தலையில் ஒன்று போடுகிறான். உங்கள் மகளுக்கு அவனை உடனே புரிந்துவிடும்.

யோகோஹாமாவில், படிப்படியாக இறங்கும் ஒரு வீடு. நடுவே சின்ன முற்றம், அதில் ஒரு மரம். அழுது அடம்பிடித்துக்கொண்டு குன் அங்கே வரும்போதெல்லாம் காலம் கலைந்துவிடும். எந்திரம், பொத்தான் எதுவும் கிடையாது. குழந்தையின் கோபமே அவனைக் கொண்டுபோகிறது. இதற்காகவே இந்தப் படத்தை நான் கொண்டாடுகிறேன். முதலில் வீட்டு நாய் மனிதனாக வந்து, நீ பிறக்கும்வரை நான்தான் இங்கே இளவரசன் என்கிறது. பிறகு பள்ளிச் சீருடையில் வளர்ந்த மிராய் வருகிறாள். கையில் அதே மச்சம். தன் இடுப்புயரம்கூட இல்லாத குன்னை அவள் வாய் நிறைய 'அண்ணா' என்கிறாள்.

அவள் வந்த காரியம் என்ன தெரியுமா? மார்ச் 3 அங்கே பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். அது முடிந்தும் பொம்மைகளை எடுத்துவைக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஒரு நம்பிக்கை. அப்பா வேலை மும்முரத்தில் மறந்துவிட்டார். ராஜா பொம்மையின் கைக்கோல் வேறு அவர் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அதை எடுக்க அண்ணன், தங்கை, நாய் மூவரும் அவர் முதுகுக்குப் பின்னால் பூனைநடை போடுவார்கள். உங்கள் மகள் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள்.

ஹொசோதாவின் மகனும் தங்கை பிறந்தபோது இப்படித்தான் பொருமினானாம். ஒருநாள், வளர்ந்து பெரியவளான தங்கையைக் கனவில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். அந்தக் கனவே கதையின் விதை. 2019 ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான பரிந்துரைப் பட்டியலிலும் படம் இடம்பெற்றது.

காட்டலாம், ஆனால் தனியே உட்காரவைக்காதீர்கள். கடைசிப் பகுதியில் குன் பெரிய ரயில் நிலையமொன்றில் தொலைந்துபோகிறான். எலும்புக்கூடுகள் உட்கார்ந்திருக்கும் கறுப்பு ரயில் ஒன்று வரும். ஐந்து வயதுக்கு அது பயம்தான். அந்த நேரம் அவளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலைக் கண்டதும் படத்தை நிறுத்திவிடாதீர்கள். நீ யார் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் தவித்த பையன், மிராயின் அண்ணன் நான் என்று கத்துவது அதற்குப் பிறகுதான் வருகிறது.

அக்கா-தங்கை கதையே வேண்டுமென்றால், மகள் பெரியவளானதும் இதே ஹொசோதாவின் 'காலம் தாண்டிய சிறுமி' (2006) காட்டுங்கள். அதில் அக்காவுக்குக் காலத்தைத் தாண்டும் சக்தி கிடைக்கிறது. தங்கை தின்றுவிட்ட புட்டிங்கை, அவளுக்கு முன்னால் போய்த் தானே தின்றுவிட அதைப் பயன்படுத்துகிறாள்.