நிலம் எங்கே முடிகிறது?

இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மனனம் செய்த இந்த எண் உயர்தர வகுப்பு வரைக்கும் எம்முடன் வருகிறது. மைல் கணக்கு வழக்கிலிருந்த காலத்துப் பழைய நூல்களைப் புரட்டினால் அங்கே 25,332 சதுர மைல் என்றிருக்கும். ஒரு சதுர மைல் 2.59 சதுர கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள், அதே 65,610 தான் வரும். அலகு மாறியதே தவிர அளவு மாறவில்லை. இதற்கிடையில் கொழும்புத் துறைமுக நகருக்காக 269 ஹெக்டேயர் கடல், மணலால் நிரப்பப்பட்டு 2019 இல் அந்த வேலை முடிந்தும் விட்டது. ஒரு சிறிய தீவுக்கே இப்படி என்றால், முழு உலகின் நிலத்தையும் எப்படி அளந்திருப்பார்கள்?

முதலில் தேவைப்படுவது பூமியின் ஆரை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரூனி, இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா என்ற இடத்தில், ஒரு மலையின் உயரத்தைக் கணித்தார். பின்பு அதன் உச்சியில் நின்று, அடிவானம் எத்தனை பாகை தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். மீதியைத் திரிகோண கணிதம் பார்த்துக்கொண்டது. இன்று நாம் எடுக்கும் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர். கோளத்தின் மேற்பரப்புச் சூத்திரத்தில் இட்டால் ஏறத்தாழ 510 மில்லியன் சதுர கிலோமீற்றர் கிடைக்கும்.

இதில் நிலம் எவ்வளவு? கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வானியலாளர் ரொஜர் லோங், 1742 இல் வெளியான தமது நூலில் ஓர் அழகான வழியைச் சொல்கிறார். பூகோள உருண்டையின் மேல் ஒட்டும் அச்சிட்ட தாள்களை எடுத்து, நிலத்தையும் கடலையும் கத்தரித்துப் பிரித்து, தராசில் நிறுத்தார். நிலம் 124 கிரெய்ன், கடல் 349 கிரெய்ன். அதாவது நிலம் சுமார் 26 சதவீதம். இன்று நாம் படிப்பது 29 சதவீதம், கிட்டத்தட்ட 149 மில்லியன் சதுர கிலோமீற்றர். கத்தரிக்கோலும் தராசும் மட்டும் வைத்திருந்த ஒருவர் இவ்வளவு கிட்ட வந்தது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

துருவ வட்டங்களுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது அன்று தெரியாததால் அவர் அப்பகுதிகளைச் சேர்க்கவில்லை. அந்தாட்டிக்காவை மனிதர் கண்டதே 1820 இல்தான். அதன் பரப்பு ஏறக்குறைய 14 மில்லியன் சதுர கிலோமீற்றர். அங்கேயும் ஒரு சிக்கல். மேற்கு அந்தாட்டிக்காவின் பெரும்பகுதியில் பனிக்கு அடியிலுள்ள பாறை கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஆயினும் அதை நிலம் என்றே எண்ணுகிறோம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எமது திருகோணமலை மாவட்டத்தின் பரப்பு 2,727 சதுர கிலோமீற்றர். அதில் நிலம் 2,529, உள்நாட்டு நீர்நிலைகள் 198. கிண்ணியாப் பாலத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, அது கடல் என்பதில் சந்தேகமில்லை. மறுபக்கம் தம்பலகாமக்குடா. நாற்புறமும் நிலம் சூழ்ந்திருக்க, குறுகிய வாயால் மட்டும் கடலோடு சேரும் அந்த நீரைக் கடலில் சேர்ப்பதா, மாவட்டத்தின் உள்நாட்டு நீரில் சேர்ப்பதா? கோட்டைப் பாலத்தின் இந்தப் பக்கம் போட்டால் ஓர் எண், அந்தப் பக்கம் போட்டால் வேறோர் எண்.

இது வெறும் கணக்குப் பிரச்சினை அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். கோட்டுக்கு வெளியே இருந்தவருக்குத் தமது காணியிலேயே மீளக் கட்டப் பணம், உள்ளே இருந்தவருக்கு வேறெங்கோ ஒரு வீடு. 200 மீற்றர் அகலத்தில் 5 கிலோமீற்றர் கரை என்றால் ஒரு சதுர கிலோமீற்றர். வரைபடத்தில் அது ஒரு புள்ளிகூட இல்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் வலையும் தோணியுமாகக் கரையிலேயே வாழ்ந்த குடும்பங்களுக்கு அதுதான் முழு ஊர். அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அளவு நாடாவின் முதல் முனையை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. நல்ல வேளையாக, எமது துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை.

இன்று தராசு வேலையைச் செய்மதிகள் செய்கின்றன. நெதர்லாந்தின் டெல்டாரெஸ் நிறுவன ஆய்வாளர்கள் 30 ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு 2016 இல் வெளியிட்ட முடிவு நான் எதிர்பாராதது. சுமார் 115,000 சதுர கிலோமீற்றர் நிலம் நீராகியிருக்கிறது. 173,000 சதுர கிலோமீற்றர் நீர் நிலமாகியிருக்கிறது. கடல்மட்டம் உயர்கிறது என்று கேட்டுப் பழகிய எமக்கு, உலகக் கரையோரங்களில் இழந்ததைவிட 13,500 சதுர கிலோமீற்றர் அதிகமாக நிலம் சேர்ந்திருக்கிறது என்பது நம்பக் கடினம். மனிதர் கடலை நிரப்புவது அதற்கு ஒரு காரணம். 1960 இல் இலங்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்த ஆரல் கடல் இன்று பெரும்பாலும் மணல். நிலம் நீராவதற்கு முக்கிய காரணம் அணைகள். மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் விழும் எமது மகாவலியிலும் விக்டோரியா அணை கட்டப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போனது.

லோங்கின் பரிசோதனையை நீங்களும் செய்யலாம். மாவட்ட வரைபடத்தைத் தடித்த பிரிஸ்டல் அட்டையில் பிரதி செய்து வெட்டுங்கள். அதே அட்டையில், வரைபட அளவுத்திட்டப்படி 100 சதுர கிலோமீற்றருக்குரிய ஒரு சதுரத்தையும் வெட்டுங்கள். இரண்டையும் இரசாயன ஆய்வுகூடத் தராசில் நிறுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் விடை. வெட்டத் தொடங்குமுன், கிண்ணியாவுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.