சோலை விளிம்பிற் கனி தேடுதல்

நீலகிரியிலும் பழனி மலையிலும் ஏறத்தாழ 5,000 அடிக்கு மேல், நீரோடும் பள்ளங்களைத் தழுவி நிற்கும் குறுமரக் காடுகளுக்குச் சோலை என்று பெயர். மேனாட்டுத் தாவர நூலாரும் இத்தமிழ்ச் சொல்லையே எடுத்தாளுகின்றனர். இங்கே சிறு கனி தேடப் புகும் மாணாக்கர் இருண்ட சோலையின் நடுவே செல்லுதல் வீண். சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பில் ஈரமும் உண்டு, ஒளியும் உண்டு. ஆதலின் அவ்விடத்தையே நாம் நாடவேண்டும்.

அவ்விளிம்பிற் சிறந்தது தவிட்டுப்பழம். தவிட்டுக்கொய்யா எனவும் வழங்குவர். நாவலும் கொய்யாவும் சேர்ந்த குடும்பத்தது இது. இலைகள் எதிரெதிரே அமைந்து, அடிப்புறம் வெண்மயிர் அடர்ந்து, காம்பினருகிலிருந்து நுனியளவும் மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். பூ இளஞ்சிவப்பு. கனியோ கருநீலம் கலந்த ஊதா. அதன் தலையிற் புல்லிவட்டம் உதிராது முடிபோல் நிற்கும். காய் துவர்க்கும், கனிந்தது இனிக்கும். பாகு காய்ச்சுவதற்கும் இது மிக ஏற்றது.

முள்ளுடைய ராஸ்ப்பெரி வகைகளில் மஞ்சட் கனி தருவதொன்றும் கருங்கனி தருவதொன்றும் உள. கனியைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே தங்க, கையில் வருவது உட்குழிந்த சிறு தொப்பி போலிருக்கும். ஊசிக்களாவுக்கு மும்முள்ளும், பட்டையைச் சுரண்டினால் தோன்றும் மஞ்சள் நிறக் கட்டையும் அடையாளங்கள். பெயரிற் களா இருப்பினும், பால் வடியும் மெய்க்களாவுக்கும் இதற்கும் உறவில்லை.

இங்ஙனம் இலை, முள், பட்டை முதலியவற்றை விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நிறத்தை மட்டும் நம்பிப் பறிப்பவன் நஞ்சையும் பறிப்பான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்டுச் சோலை விளிம்புகளிற் பரவிய செஸ்ட்ரம் என்னும் செடி, பொன்னிறப் பூவும் வெண்ணிறக் கனியும் உடையது, கனி நச்சுடையது. உண்ணிச்செடியின் பசுங்காயும் அத்தகையதே. பறவை உண்டதை நாமும் உண்ணலாம் என்பாரும் உளர். பறவைகள் பல நச்சுக்கனிகளைத் தீங்கின்றி விழுங்கி வித்தைப் பரப்புகின்றன; அவற்றின் குடல் நமக்குச் சான்றாகாது. முழுச்செடியையும் அறிந்த மலைவாணர் ஒருவர் உடனிருந்து காட்டாதவரையில், ஐயத்துக்குரிய கனியை நாவில் வைத்துச் சுவைத்தலும் ஆகாது.

மற்றொன்று: எவ்விடத்தும் பறிக்க நமக்கு உரிமை இல்லை. முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காக்களினின்று காய்கனி எடுத்தலை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. வழிவழியாகக் காட்டில் வாழ்ந்து சிறுபொருள் சேகரித்து வருவோரின் உரிமையை 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. உலாவச் செல்லும் நமக்கு அஃது இல்லை. உரிமையாளர் இசைந்த தோட்ட வேலியோரங்களிற் பறிக்கும்போதும் கிளையை ஒடிக்காது, கனிந்தவற்றிற் சிலவே கொள்ளுக. இந்நாட்டு மலைகளிலன்றி வேறெங்கும் காணப்படாத நீலகிரிச் சிரிப்பான் தவிட்டுப்பழத்தையும் ராஸ்ப்பெரிக் கனியையும் உண்டு வாழும் பறவை.