எளிய சிறார்க்குச் செய்யும் பணி சிவபுண்ணியமாமோ?

சைவசித்தாந்தச் செல்வர் குழுமும் அவைகளில் அண்மைக் காலத்து அடிக்கடி எழும் ஐயமொன்றுண்டு. வறுமையால் நலிந்த சிறார்க்கு எழுத்தறிவித்தல், பசித்தார்க்கு உணவளித்தல், ஊர்ப்புறத்தும் மலையிடத்தும் வாழ்வார்க்கு மருந்தும் தூய நீரும் கிடைக்க முயலுதல் என்னும் இவைபோலும் பணிகளைக் கூலி கருதாது செய்தல் சிவபுண்ணியமாமோ, அன்றிப் பசுபுண்ணியமென்னும் அளவில் நின்றொழியுமோ என்பதே அது. ஒருசாரார், இவை உலகியல் அறமே, பூசையும் திருமுறை ஓதலும் அடியார் வழிபாடும் விடுத்து இவற்றிற் புகுதல் சைவர்க்கு வழுவாம் என்பர். மற்றொருசாரார், மக்கட்குச் செய்யும் பணியே மகேசன் பணியாகலின் வேறு பூசை எற்றுக்கு என்பர். இருதிறத்தாரும் ஒவ்வொரு பகுதி உண்மையைப் பற்றிக்கொண்டு மிகைபடக் கூறினார் என்பது எம் கருத்து. அதனை நூல்வழி நின்று சிறிது ஆராய்வாம்.

பின்னையோர் தம் கொள்கைக்கு எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் திருமந்திரமே. படமாடுங் கோயிலில் உள்ள இறைவற்கு ஈந்தது நடமாடுங் கோயிலாகிய அடியார்க்குச் சென்று சேராது, அடியார்க்கு ஈந்ததோ இறைவற்கே ஆம் என்னும் கருத்தமைந்த மந்திரம் இக்காலத்து மேடைதோறும் முழங்குகின்றது. ஏழைகட்கு நிதி திரட்டுவோர் எவரும் இதனைக் கூறாது விடார். ஆயின் அம்மந்திரம் யாண்டுளது என்று நோக்குவார் அரியர். அது ஏழாந்தந்திரத்து மாகேசுர பூசைப் பகுதியில் நிற்பது. ஆண்டுச் சொல்லப்பட்டார் சிவனடியாரேயன்றிப் பொதுவகையான் வறியோர் அல்லர். இடம் நோக்காது பொருளை விரித்தல் நூலுக்குச் செய்யும் நன்றியன்று. நற்செயலுக்குத் துணையாகின்றதே என்று யாம் இதனை வாளா விடுதலும் முறையன்று.

அற்றேல் திருமூலர்க்கு வறியோர்மாட்டுக் கருத்தில்லையோ எனின், உண்டு. அதனை அவர் முதற்றந்திரத்திலேயே வைத்தார். தானச்சிறப்புக் கூறுமிடத்து, கொடுக்குங்கால் இவர் இன்னார், அவர் அன்னார் என வேறுபாடு நோக்காது யாவர்க்கும் கொடுக்க என்கின்றார். அறஞ்செய்வான் திறத்தில், இறைவற்கு ஒரு பச்சிலை சாத்துதலையும், ஆவிற்கு ஒரு வாயளவு புல்லிடுதலையும், தாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி பிறர்க்கு ஈதலையும், இன்சொற் கூறுதலையும் ஒருங்கு வைத்து, இவை எவர்க்கும் இயலுவன என்கின்றார். பச்சிலையும் கைப்பிடிச் சோறும் ஒரே மந்திரத்தில் அடுத்தடுத்து நிற்றல் காண்க. மேடையில் எடுத்துக் காட்டுவதற்கு உரியது இம்மந்திரமேயாம்.

இனி முன்னையோர் கொள்கையை நோக்குவாம். பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என்னும் பாகுபாடு நம் நூல்களில் உறுதியாக உள்ளது. பசுபுண்ணியம் துறக்கம் முதலிய போகங்களைத் தந்து, அப்பயன் கழிந்தவழி மீட்டும் பிறப்பிற் செலுத்தும். சிவபுண்ணியம் சரியை முதலிய படிகளின் வழியே இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் எய்துவித்து ஞானத்திற் சேர்க்கும். ஆயின் இப்பாகுபாடு செயலின் வடிவு பற்றியதோ, செய்வான் கருத்துப் பற்றியதோ என்பதே ஈண்டு முடிவுசெய்யற்பாலது.

அருணந்தி சிவாசாரியர் சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் இதற்கு விடை தந்திருக்கின்றார். இறைவன்பால் அன்புடையார் செய்த பாவமும் அறமாகும், அன்பில்லாதார் செய்த புண்ணியமும் பாவமாகும் என்று கூறி, தக்கன் செய்த வேள்வி தீமையாய் முடிந்ததனையும், சிறுவராகிய சண்டேசர் செய்த பாதகம் நன்மையாய் முடிந்ததனையும் காட்டினார். வேள்வி வடிவாற் சிறந்ததே. தந்தை தாள் தடிதல் வடிவாற் கொடியதே. முடிவோ மாறாயிற்று. ஆகவே வடிவுபற்றி ஒரு செயலைப் பசுபுண்ணியமெனத் தள்ளுதல் பொருந்தாது. சிவபூசையும் 'யான் செய்தேன்' என்னும் முனைப்போடு செய்யப்படின் தக்கன் வேள்வியின் இனமாம்.

இன்னும் அச்சூத்திரத்திலேயே ஆசிரியர் அறங்களை எண்ணி வருமிடத்து ஒழுக்கம், அன்பு, அருள், உபசாரம், தவம், தானம், வாய்மை, துறவு, அடக்கம் என்பவற்றோடு அருச்சித்தலையும் உடன் வைத்து எண்ணி, இவையனைத்தும் இரக்கமுடையானாகிய இறைவன் பணித்த அறங்கள் என்றார். அருச்சனையையும் தானத்தையும் அவர் ஒரே செய்யுளில் வைத்திருக்க, ஒன்றை உள்ளேயும் மற்றொன்றைப் புறத்தேயும் நிறுத்துவார் யாருடைய ஆணை பற்றி அங்ஙனஞ் செய்கின்றனரோ அறியோம்.

பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் இன்னும் நுண்ணியதொரு முறை கூறப்பட்டது. ஈசன்பால் அன்பில்லார் அடியார்பாலும் அன்பில்லார், எவ்வுயிர்மாட்டும் அன்பில்லார், தம்மாட்டும் அன்பில்லார் என்பது அதன் கருத்து. இறைவன்பால் அன்பு வேராகவும், அடியாரன்பும் உயிரன்பும் கிளைகளாகவும் நின்றமை இதனாற் பெறப்படும். வேரின்றிக் கிளையில்லை. இது, பூசை எற்றுக்கு என்பார்க்கு விடை. கிளையே தோன்றாத வேர் உயிருள்ளதோ என ஐயுறுதலும் தகும். இது, பூசையே அமையும் என்பார்க்கு விடை.

இது நிற்க. மற்றொரு தடையுண்டு. அது வாய்விட்டுக் கூறப்படுவது குறைவேயாயினும் பலர் உள்ளத்தும் கிடப்பது. 'ஒவ்வோருயிரும் தன் பிராரத்தத்தை நுகர்ந்தே தீரவேண்டும். வறுமையிற் பிறந்த குழந்தை அதன் வினையை நுகர்கின்றது. இடைப்புகுந்து விலக்க நாம் யார்?' என்பதே அத்தடை. வினைக்கொள்கை நமக்கு உயிர்நிலையாகலின் இதனை எளிதாகத் தள்ளலாகாது. ஆயின் திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது நிகழ்ந்ததனை நினைக. உடனிருந்த அடியார்களைப் பனிக்குளிர்ச் சுரம் பற்றியது. இது இந்நிலத்தின் இயல்பென்றும் பண்டை வினையென்றும் அவர் வாளா இருந்திலர். திருநீலகண்டப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே, இவ்வினைக்கு அவ்வினை காரணமென்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் நுமக்குக் குறைவன்றோ என வினவினார். சுரம் அந்நாட்டை விட்டே நீங்கியது. வினையை மறுத்தாரல்லர். வினையைச் சொல்லி இருந்துவிடுதலையே மறுத்தார். பிராரத்தத்தை ஊட்டுவோன் இறைவன். அவன் துன்பத்தை ஊட்டுங்கால் ஒருவரைக் கருவியாகக் கொள்ளுதல்போல, அத்துன்பத்தின் எல்லையில் அதனை நீக்குதற்கும் ஒருவரைக் கருவியாகக் கொள்ளுவான். அவ்வெல்லை வந்ததோ வாராததோ நாம் அறியோம். அறியாத நாம் கையை மடக்கிக்கொள்ளுதல் இறைவன் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்ளுதலாய் முடியும்.

திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகள் முயலகனென்னும் நோயால் உணர்விழந்து திருக்கோயிலிற் கிடந்தாள். பிள்ளையார் அவளைக் கண்டு, இஃதென்னையென்று தாமே வினவினார். அச்சிறுமி அடியார் கூட்டத்தவளோ அன்றோ என்று அவர் ஆராய்ந்ததாகச் சேக்கிழார் கூறிற்றிலர்.

இனிப் பணி செய்யும் முறை. இதுபற்றியே எமக்கு மிகுதியும் சொல்லவேண்டியுளது. நன்னோக்கம் இருந்தும் முறையறியாமையாற் கெடும் பணிகளே பல. பெரியபுராணத்துக் கணநாத நாயனார் வரலாற்றை நம்மவர் விரைந்து கடந்துவிடுகின்றனர். காழிப்பதியில் வாழ்ந்த அப்பெருந்தகையார் தம்பால் வந்தாரை அவரவர்க்குத் தக்க கைத்தொண்டில் பழக்கினார். நந்தவனம் வளர்ப்பார், மலர் பறிப்பார், மாலை தொடுப்பார், திருமஞ்சனம் எடுப்பார், அலகிடுவார், மெழுகுவார், விளக்கேற்றுவார், திருமுறை எழுதுவார், வாசிப்பார் என வகுத்து, ஒவ்வொருவரையும் அவ்வப்பணியில் நிறைவித்தார். தாம் ஒரு பணியைப் பெரிதாகச் செய்தாரென்பதினும், தொண்டர்களை உண்டாக்கினாரென்பதே அவர் சிறப்பு. 63 நாயன்மாருள் தொண்டரைப் பயிற்றும் ஆசிரியராக விளங்குபவர் இவரே எனலாம்.

இக்காலத்து இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டு, எளிய குடிச்சிறார் கற்றதும் மறந்தநிலையில், தமிழ்நாட்டரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிற்று. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புச் சிறார்க்கு மாலைதோறும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், அவர்தம் தெருவிலேயே, திண்ணையிலும் மரத்தடியிலும் தொண்டர்கள் பாடம் நடத்தினர். தொண்டர் தொகை ஏறக்குறைய 2 இலட்சம். அவருட் பெரும்பாலார் அவ்வவ்வூர்ப் பெண்டிர். அவர்க்குத் தரப்பட்டது திங்கட்கு 1000 ரூபாய் ஊக்கத்தொகையே. சோர்வுற்ற சிறாரை மீட்டும் புத்தகத்தின் பக்கம் திருப்பியது அயலூர்ப் பேச்சாளர் வருகையன்று. நாடோறும் அதே வேளையில் அதே அக்கை வந்து நின்றமையே என்பது எம் துணிபு. பணியின் உயிர் தொடர்ச்சியே. நித்திய பூசையை ஒருநாள் விடுதல் குற்றமென்று அறிந்த நமக்கு இதனை வேறு விளக்க வேண்டா.

யாமறிந்த ஊரொன்றில் ஒரு சைவ அன்பர் கூட்டத்தார் மண்டபத்தில் மாலைப்பள்ளி தொடங்கினர். தொடக்கவிழா மிகச் சிறப்பாக நடந்தது. பலகைகளும் சுவடிகளும் வழங்கப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் கைநீட்டி நிற்க நிழற்படம் எடுக்கப்பட்டது. நான்கு திங்களில் ஆசிரியராக வந்த இளைஞர் ஒவ்வொருவராகக் குறைந்தனர். பின்னர் மண்டபம் பூட்டப்பட்டது. யாம் ஒருநாள் மாலை அவ்வழியே சென்றபோது படிக்கட்டில் எட்டொன்பது சிறார் பலகையோடு அமர்ந்திருந்தனர். அவருள் ஒரு சிறுமி எம்மை நோக்கி, "இன்றைக்காவது வருவார்களா, ஐயா?" என்றாள். நாணத்தால் விடை கூறாது வந்தோம். தொடங்காதிருந்தால் அக்குழந்தைக்கு அவ்வேமாற்றமில்லை. பசுபுண்ணியம் போகந்தந்து கழியுமென்று நூலிற் படித்ததன் பொருள் எமக்கு அப்படிக்கட்டின்முன் விளங்கிற்று. கொடுத்தார்க்குப் புகழாகிய போகம் உடனே வந்து கழிந்தது. கொண்டார்க்கு யாதும் எஞ்சவில்லை.

அநாதைச் சிறார் இல்லம் அமைத்தலே உயர்ந்த அறமென்று கருதுவாரும் பலர். ஈண்டு எச்சரிக்கை வேண்டும். இல்லங்களில் வாழும் சிறாருள் தாயோ தந்தையோ உயிரோடிருப்பவர் பலர். வறுமையே அவரைப் பிரித்தது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்திற் சேர்த்தலை இறுதிவழியாகவே கொள்ளவேண்டுமென்று விதித்து, இல்லம் நடத்துவார் பதிவு செய்தலையும் கட்டாயமாக்கியது. தாயிடமிருந்து பிரித்து நாம் ஊட்டும் சோற்றினும், தாயே ஊட்டுதற்கு வழிசெய்தல் சிறந்தது. சிறாரோடு பழகுவார் எவராயினும், காவியுடுத்தவராயினும், அவர் ஒழுக்கம் ஆராயப்படல் வேண்டும். சிறார்க்கு இழைக்கப்படும் பாலியற் குற்றத்தை அறிந்தும் அறிவியாதிருத்தல் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டத்துக்குரியது. மடத்தின் பெயர் கெடுமென்று மறைத்தல் இருமடிக் குற்றம்.

மொழியும் நோக்கற்பாலது. திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து ஆண்டுதோறும் குடும்பங்கள் வந்து, மழைக்கு முன் திரும்புகின்றன. அவர்தம் சிறார்க்குத் தமிழ் அரிச்சுவடியோடு மட்டுஞ் செல்லுதல் அன்பாகாது. திரும்பிச் சென்றபின் அவர் இருக்கவேண்டிய வகுப்பு ஒடியா வகுப்பே. அம்மொழி வல்லாரைத் தேடிக்கொணர்தலே ஆண்டுச் செய்யற்பாலது. திருநீறும் திருமுறையும் விரும்பினார்க்கு வழங்கலாம். பலகைக்கும் சோற்றுக்கும் விலையாக அவற்றை வைத்தல் திருநீற்றின் பெருமையைக் குறைப்பதாம்.

மடங்கட்கு இது புதிய பணியன்று. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடத்து வறிய மாணாக்கர் பலர் உண்டியும் உறையுளும் பெற்றுக் கற்றனர். உ. வே. சாமிநாதையரவர்கள் அவருள் ஒருவர். ஆறுமுக நாவலரவர்கள் சிதம்பரத்தில் 1864-இல் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார்கள். 1952 முதல் 1995 வரை குன்றக்குடி ஆதீனத்தில் வீற்றிருந்த அடிகளார், கோயிற்பணியோடு ஊர்மக்களின் தொழிலையும் கல்வியையும் திட்டமிட்டு வளர்த்ததனை நம்முள் அறியாதார் இலர். அவ்வழி இன்றும் தூர்ந்துவிடவில்லை. ஆயினும் மாலை 5 மணிக்குமேல் வாளா பூட்டிக்கிடக்கும் மண்டபங்கள் எத்தனை!

மேற்கூறிய மண்டபத்துச் செய்தியை முடித்துவிடுவாம். ஓய்வுபெற்ற ஓதுவாரொருவர் அதன் திறவுகோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விழாவில்லை, படமில்லை. அவர்க்குக் கணக்கு வாராது. வாசிப்பும் எழுத்துமே கற்பிக்கின்றார். கணக்குக்கு அத்தெருத் தையற்காரர் மகள் வருகின்றாள். யாம் பின்னர்ச் சென்றபோது படிக்கட்டில் எவரும் இல்லை. உள்ளே இருந்தனர். தொண்டர்க்கு முதற்கண் அளிக்கவேண்டிய பயிற்சி யாதென்பதனைக் கணநாதர் புராணத்தின் ஏனைப் பகுதிகளோடு வைத்து அடுத்த இதழில் ஆராய்வாம்.