லாரி ஓட்டப் போகிறார் வேலு

கர்நாடக மாநிலத்தில் கோலார் மாவட்டம் இருக்கிறது. அங்கே தங்கவயல் என்று ஓர் ஊர். கே.ஜி.எஃப். என்றால் எல்லோருக்கும் தெரியும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே தங்கம் எடுத்தார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை செய்தார்கள். தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழர்கள். வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஊர் இருந்தது. வேலை போய்விட்டது. அதன் பிறகு பலர் அதிகாலை ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போகத் தொடங்கினார்கள். கிடைத்த வேலையைச் செய்தார்கள். இரவு ரயிலில் வீடு திரும்பினார்கள். இன்று ஓர் இடம். நாளை வேறோர் இடம்.

இந்த ஊரில் வேலு என்று ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 28. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பத்து ஆண்டுகளில் ஆறு வேலை பார்த்தவர். கட்டட வேலை, சமையல் வேலை, வாட்ச்மேன் வேலை, மூட்டை தூக்கும் வேலை என்று போனது காலம். நடுவில் 14 மாதம் வேலையே இல்லை. அப்பாவுக்கு நுரையீரல் நோய். சுரங்கத் தூசு தந்த நோய். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தவர் வேலுதான்.

வேலுவிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது. எடுத்து மூன்று வருடம் ஆகிறது. லாரி ஓட்டவேண்டும் என்பது அவர் ஆசை. கோலார் தக்காளிச் சந்தை பெரிய சந்தை. அங்கிருந்து பல மாநிலங்களுக்கு லாரிகள் போகின்றன. ஒரு லாரி முதலாளியிடம் போய் வேலை கேட்டார்.

"எத்தனை வருஷ அனுபவம்? இதுவரை என்ன செய்தாய்?" என்று முதலாளி கேட்டார்.

வேலுவுக்கு நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

தரகர் சொன்ன வழி

சந்தை வாசலில் ஒரு தரகர் வேலுவைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டாவது படிக்காமல் லாரி லைசென்ஸ் கிடைக்காது தம்பி. நான் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன். ஐந்து வருஷம் லாரி ஓட்டியதாக ஒரு கடிதமும் தருகிறேன். பன்னிரண்டாயிரம் கொடு" என்றார்.

வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. மனைவியின் கம்மல் மட்டும் இருந்தது. அடகு வைக்கலாம் என்று மனைவியும் சொன்னார். இரண்டு பேருக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காலையில் வேலு பக்கத்துத் தெருவுக்குப் போனார். அங்கே முப்பது வருடம் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். வேலு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

பெரியவர் சொன்னது

"கம்மலைப் பத்திரமாக உள்ளே வை" என்றார் பெரியவர். "எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2019-ஆம் வருஷம் அதை எடுத்துவிட்டார்கள். இல்லாத விதிக்கு உன்னிடம் காசு கேட்கிறான்."

"அப்படியானால் படிப்பே தேவையில்லையா பெரியப்பா?"

"சர்டிபிகேட் தேவையில்லை. படிக்கத் தெரிவது தேவை. சாலையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எப்படி ஓட்டுவாய்? பில்லில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எப்படிச் சரக்கை ஒப்படைப்பாய்?"

"அந்த அனுபவக் கடிதம்?"

"அது இன்னும் மோசம். லாரி ஓட்டத் தெரியாதவன் கையில் பத்து டன் சரக்கு. மலை இறக்கத்தில் பிரேக் சூடாகிப் போனால் அந்தக் கடிதமா வண்டியை நிறுத்தும்? சாகிறவன் நீ மட்டும் இல்லை. எதிரே வருகிறவனும்தான்."

வேலு பேசாமல் இருந்தார். பெரியவர் மறுபடியும் சொன்னார்.

"முதலாளி உன் பழைய கதையை ஏன் கேட்கிறார் தெரியுமா? உன்னைக் கேவலப்படுத்த இல்லை. லாரி அவருடையது. கடன் அவர் தலையில். சரக்கு இன்னொருவருடையது. பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவாயோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்குப் பதில் சொல். போதும்."

லைசென்ஸ் எப்படி எடுப்பது?

பெரியவர் வேலுவுக்குப் படிப்படியாகச் சொன்னார். நாமும் தெரிந்துகொள்வோம்.

1. சரக்கு வாகன லைசென்ஸ் எடுக்க 20 வயது ஆகியிருக்க வேண்டும்.

2. கார் போன்ற இலகு வாகன லைசென்ஸை முதலில் எடுக்க வேண்டும். அது கைக்கு வந்து ஓராண்டு ஆன பிறகுதான் லாரிக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும்.

3. டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். அதற்குப் படிவம் 1-ஏ என்று பெயர். கண் பார்வை முக்கியம். பார்வை குறைந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மறைக்கக் கூடாது.

4. டிரைவிங் பள்ளியில் பழகி, அதற்கான சான்று வாங்க வேண்டும். அதற்குப் படிவம் 5 என்று பெயர்.

5. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். இதற்கு 'சாரதி' என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

6. சரக்கு வாகன லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். தேதியைக் குறித்து வைக்க வேண்டும். முடிந்து ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 2019-இல் திருத்திய சட்டப்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். கிளீனராகப் போகும் சிலர் ராத்திரியில் ஸ்டியரிங்கை வாங்கி ஓட்டிப் பழகுகிறார்கள். அதுவும் குற்றம்தான். ஆபத்தும் கூட.

சிறிய வண்டியில் தொடங்கலாம்

"லாரி லைசென்ஸ் வரும்வரை சும்மா இருப்பதா பெரியப்பா?" என்று வேலு கேட்டார்.

"ஏன் சும்மா இருக்க வேண்டும்? குட்டி யானை ஓட்டு" என்றார் பெரியவர்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இலகு வாகன லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்டலாம். அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் தீப்பற்றும் பொருள், விஷப் பொருள் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு இது பொருந்தாது.

கிராமங்களிலிருந்து தக்காளியைச் சந்தைக்குக் கொண்டுவருவது இந்தச் சிறிய வண்டிகள்தான். வேலுவுக்கு இருந்த லைசென்ஸே அதற்குப் போதும்.

"இன்னொன்று" என்றார் பெரியவர். "ஒரு நோட்டு வாங்கு. முதல் நாளிலிருந்து எழுது. இதுவரை நீ செய்த வேலைக்குக் கணக்கு இல்லை. இனிமேல் செய்வதற்கு இருக்கட்டும்."

முதலாளி கேட்டார், வேலு சொன்னார்

வேலு வேறொரு முதலாளியிடம் போனார். அவரிடம் இரண்டு சிறிய வண்டிகளும் மூன்று லாரிகளும் இருந்தன. அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"பத்து வருஷத்தில் ஆறு வேலையா? நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றுமே இல்லையே?"

"ஆமாங்க. அப்பாவுக்கு நுரையீரல் நோய். 14 மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் இல்லை. மற்ற வேலையெல்லாம் தினக்கூலி. வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வாட்ச்மேன் வேலையை மட்டும் நானே விட்டேன். மூன்று மாதம் சம்பளம் தரவில்லை."

"லாரி ஓட்டியிருக்கிறாயா?"

"இல்லைங்க. ஓட்டினேன் என்று சொன்னால் பொய். மூட்டை ஏற்றத் தெரியும். தார்ப்பாய் கட்டத் தெரியும். குடிப் பழக்கம் இல்லை. கடைசியாக வேலை பார்த்த கோடவுன் மேஸ்திரியின் போன் நம்பர் இருக்கிறது. என்னைப் பற்றி அவரிடம் கேளுங்கள்."

முதலாளி லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். மேஸ்திரிக்குப் போன் செய்தார். பிறகு சொன்னார்:

"லாரியைத் தரமாட்டேன். குட்டி யானையைத் தருகிறேன். ஒரு மாதம் பார்ப்போம்."

வேலு எதிர்பார்த்தது லாரி. கிடைத்தது குட்டி யானை. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டார். அன்று மாலை நோட்டில் முதல் வரி எழுதினார்:

*முல்பாகல் முதல் கோலார் சந்தை வரை. தக்காளி 50 பெட்டி. பெட்டிக்கு 15 கிலோ. பின் டயரில் காற்றுக் குறைவு. சரி செய்தேன். சரக்குச் சேதம் இல்லை.*

ஒரு மாதம் முடிந்தது. முதலாளி வண்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. வேலு ஒவ்வொரு நாளும் எழுதினார். டீசல் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எழுதினார். ஒருமுறை கணக்கில் 600 ரூபாய் வித்தியாசம் வந்தது. நோட்டைப் பார்த்தார்கள். தவறு குமாஸ்தாவுடையது.

பதினோரு மாதம் கழித்து வேலு லாரி லைசென்ஸ் எடுத்தார். முதலாளி அவரை உடனே தனியாக அனுப்பவில்லை. மூத்த ஓட்டுநருடன் இரண்டாவது ஓட்டுநராக அனுப்பினார். முதல் பயணம் நாகபுரிக்கு. புறப்படும் முன் இருவரும் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், இ-வே பில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். சத்தமாகப் படித்துச் சரிபார்த்தவர் வேலு.

விடை சொல்லுங்கள்

1. தரகர் சொன்னதில் எவை பொய்?
2. முதலாளி ஏன் பழைய வேலையைப் பற்றிக் கேட்கிறார்?
3. லாரிக்குப் பழகுநர் உரிமம் வாங்க எந்த லைசென்ஸ், எத்தனை காலம் இருந்திருக்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

ஒரு பெட்டி 15 கிலோ. 50 பெட்டி எத்தனை கிலோ? வண்டியில் 750 கிலோதான் ஏற்றலாம். வியாபாரி 70 பெட்டி ஏற்றச் சொல்கிறார். எத்தனை கிலோ அதிகம்? வேலு என்ன சொல்ல வேண்டும்?

எழுதிப் பழகுங்கள்

நீங்கள் இதுவரை செய்த வேலைகளை வரிசையாக எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன வேலை, ஏன் நின்றது என்று எழுதுங்கள். வேலை இல்லாத காலத்தையும் எழுதுங்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்காக என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் ஓட்டுநர் வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் யார்? அவர்களுக்குத் தடையாக இருப்பது எது? விதியா, பணமா, பயமா?